கேம் செய்தி எந்தக் கரையில் இறங்கியது?

'ஃப்ரீ ஃபயர் இந்தியா அடுத்த வாரம் வருகிறது.' மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்த 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயர் என்ற கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை கேமும் ஒன்று. அதன் இந்தியப் பதிப்பு 2023 செப்டம்பர் 5 அன்று வெளியாகும் என்று அதை நடத்தும் கரீனா நிறுவனம் அறிவித்தது. முந்தைய நாள், சில வாரங்கள் தள்ளிப்போகும் என்று அதே நிறுவனம் சொல்லிவிட்டது. அந்தச் சில வாரங்கள் கழிந்தும் கேம் வரவில்லை. 'அடுத்த வாரம்' மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டால், "நெட்டில் போட்டிருந்தது அண்ணா" என்பார்கள்.

போட்டிருந்தது உண்மைதான். யார் போட்டார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதில்தான் கோளாறு. நிறுவனத்தின் அறிவிப்பு, நிருபர் விசாரித்து எழுதியது, எங்கோ கசிந்தது, யாரோ கற்பனை செய்தது என எல்லாமே கைப்பேசித் திரையில் ஒரே அளவு எழுத்தில், ஒரே மாதிரிப் படத்துடன் வந்து நிற்கின்றன. வீடியோ கேம் செய்திகளை இணையதளங்களில் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், பிள்ளைகள் எதைப் பற்றி இவ்வளவு பரபரப்பாகப் பேசுகிறார்கள் என்று புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்குமான விளக்கம் இது. கேம் விளையாடத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

## மீன் வாங்கத் தெரிந்தால் போதும்

குமரி மாவட்டத்தில் மீன் வாங்குகிறவர் விலைக்கு முன்னால் கேட்பது, எந்தக் கரை மீன் என்பதைத்தான். குளச்சலா, முட்டமா, தேங்காய்ப்பட்டணமா? விடியற்காலை வள்ளத்தில் வந்து இறங்கும் சாளை கரையிலேயே ஏலம் போகிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வண்டியில் பெட்டி கட்டித் தெருத்தெருவாக வருகிறவருக்கு. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் ஐஸ் சேர்கிறது, கொஞ்சம் நேரம் போகிறது. கடைசியாக வீட்டு வாசலில் நிற்பவரும் 'இப்போது வந்த மீன்' என்றுதான் சொல்வார். அவர் கைக்கு அது இப்போதுதானே வந்தது! வாங்குகிறவர் பேச்சை நம்பாமல் கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பாக இருந்தால் சட்டி வெளியே வரும். வெளிறியிருந்தால் 'இன்றைக்கு வேண்டாம் மக்களே'.

கேம் செய்தியும் இப்படித்தான் கைமாறுகிறது. நிறுவனம் ஒரு வரி சொல்கிறது. அதை ஒரு தளம் செய்தியாக்குகிறது. அந்தத் தளத்தைப் பார்த்துப் பத்துத் தளங்கள் எழுதுகின்றன. பத்தையும் பார்த்து ஒருவர் யூடியூபில் பேசுகிறார். அவர் பேசியதில் பாதியை மட்டும் கேட்ட ஒருவர் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். இதில் முதல் ஆள் சொன்ன இடத்துக்கு 'மூலம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாம் மறுபதிவு.

செய்தியின் செவுள் எங்கே இருக்கிறது? கட்டுரையின் முதல் இரண்டு மூன்று பத்திகளுக்குள், 'இன்னார் கூறியபடி', 'இந்த அறிக்கையின்படி' என்று ஓர் இடத்தில் நிறம் மாறிய எழுத்து இருக்கும். அதுதான் லிங்க். அதை அழுத்துங்கள். நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனால் மூலத்தைத் தொட்டுவிட்டீர்கள். வேறொரு செய்தித் தளத்துக்குப் போனால் அங்கேயும் லிங்கைத் தேடுங்கள். இப்படி இரண்டு மூன்று தளம் தாண்டியபின், பெயரில்லாத ஓர் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கில் 'கேள்விப்பட்டேன்' என்ற ஒற்றை வரியில் போய் முட்டிக்கொண்டால், அந்தச் செய்தியின் மொத்த எடை அந்த ஒற்றை வரிதான். லிங்கே இல்லை என்றால் கட்டுரையை மூடிவிடலாம்.

இதுவரை பார்த்தது: பெரும்பாலான கேம் செய்திகள் மறுபதிவுகள். மறுபதிவு தவறில்லை. மூலம் எது என்று காட்டாத மறுபதிவுதான் ஆபத்து.

## நிறுவனமே பேசும்போது

முதல் வகை, அறிவிப்பு. கேமை உருவாக்கும் அல்லது வெளியிடும் நிறுவனம் தன் பெயரில், தன் பக்கத்தில் சொல்வது. அறிவிப்போடு வரும் சிறு முன்னோட்டக் காட்சிக்கு டிரெய்லர் என்று பெயர். சினிமாவில் இருப்பதே.

முன்பெல்லாம் அறிவிப்புகளுக்குத் திருவிழா உண்டு. 1995 முதல், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸில், இ3 என்ற கண்காட்சி நடந்துவந்தது. பத்திரிகையாளர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்து எழுதுவார்கள். நாம் அவர்கள் எழுத்துக்குக் காத்திருப்போம். 2011-இல் ஜப்பானின் கேம் நிறுவனமான நிண்டெண்டோ 'நிண்டெண்டோ டைரக்ட்' என்ற பெயரில் ரசிகர்களிடம் நேராக வீடியோவில் பேசத் தொடங்கியது. 2019-இல் பிளேஸ்டேஷன் கருவியைச் செய்யும் சோனியின் 'ஸ்டேட் ஆஃப் பிளே' வந்தது. 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக மூடப்பட்டது. இன்று நாகர்கோவிலில் கட்டிலில் படுத்திருப்பவரும் கலிஃபோர்னியாவில் இருக்கும் நிருபரும் ஒரே நொடியில் ஒரே டிரெய்லரைப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் செய்தித் தளம் எதற்கு? நிறுவனம் சொல்லாமல் விட்டதைக் கேட்பதற்கு. டிரெய்லர் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, முன்பு சொன்ன வசதி இப்போது ஏன் காணவில்லை, கேமை உருவாக்கிய குழுவில் பாதிப் பேர் வேலை இழந்தார்களே, அவர்கள் எங்கே? இந்தக் கேள்விகளை டிரெய்லர் கேட்காது. அறிவிப்பை நிறுவனத்தின் பக்கத்திலும், அதன் மேல் விசாரணையைச் செய்தித் தளத்திலும் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஓர் எச்சரிக்கை. உண்மையான அறிவிப்பும் நடக்காமல் போகலாம். ஜி.டி.ஏ. 6 கேமின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது 2025 என்றார்கள். 2025 மே மாதம், 2026 மே 26 என்று மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில், 2026 நவம்பர் 19 என்று மறுபடியும் மாற்றினார்கள். மூன்றும் கேமை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனமே சொன்னவை. சொன்ன அன்று மூன்றும் சரி. ஆகவே 'மே 26' என்று எழுதியிருக்கும் பழைய கட்டுரை பொய்க் கட்டுரை ஆகிவிடாது, பழைய கட்டுரை அவ்வளவுதான். தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் தேதி இருக்கும். நாம் கண்ணால் தாண்டிப் போகும் இடம் அதுதான்.

## கசிவு வேறு, வதந்தி வேறு

கசிவு என்பது, வெளியே வரக்கூடாத உண்மையான பொருள் வெளியே வந்துவிடுவது. வதந்தி என்பது, பொருள் எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் வருவது. நம் ஊரில் இரண்டையும் 'லீக்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

கசிவுக்குக் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். 2022 செப்டம்பரில் ராக்ஸ்டாரின் கணினிகளுக்குள் புகுந்த ஒருவர், பாதி முடிந்த ஜி.டி.ஏ. 6-இன் காட்சிகளை வெளியே விட்டார். திருட்டு நடந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த கேமின் முதல் டிரெய்லரும் குறித்த நேரத்துக்கு முன்பே கசிந்தது. இந்தியாவில் அப்போது 2023 டிசம்பர் 5 விடியற்காலை. கசிந்துவிட்டது, நல்ல பிரதியையே பாருங்கள் என்று நிறுவனம் உடனே தன் யூடியூப் பக்கத்தில் ஏற்றிவிட்டது.

திருடன் இல்லாமலும் கசிவு உண்டு. திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்று இருப்பதுபோல பல நாடுகளில் கேம்களுக்கு வயது வரம்புச் சான்று தரும் அமைப்புகள் இருக்கின்றன. நிறுவனம் வாய் திறக்கும் முன்பே அந்த அமைப்பின் பொதுப் பட்டியலில் கேமின் பெயர் ஏறிவிடும். தென்கொரியப் பட்டியலைத் தினமும் மேய்கிற நிருபர்கள் இருக்கிறார்கள். இவ்வகைக் கசிவை ஓரளவு நம்பலாம்.

பொருள் உண்மையாக இருந்தாலும் அதில் உள்ள தேதி உண்மையாக இருக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில், மைக்ரோசாஃப்ட் மீதான ஒரு வழக்கின் ஆவணங்கள் தவறுதலாக வெளியே வந்தன. அதில் இருந்த 2020-ஆம் ஆண்டுத் திட்டப் பட்டியலில், 'ஒப்லிவியன்' என்ற பழைய கேமின் புதுப்பதிப்பு 2022 நிதியாண்டுக்கு என்று போட்டிருந்தது. கேம் வந்தது 2025 ஏப்ரல் 22-இல். பெயர் சரி, காலம் தப்பு. கசிவைப் படிக்கும்போது பெயரை நினைவில் வைத்துக்கொண்டு தேதியை மறந்துவிடுவது உத்தமம்.

வதந்திக்கு வருவோம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய கேம் விளையாடுகிறவர்களுக்கு, மனிதர் தொடாமல் 'பாட்' எனும் கணினி நிரலே அவர்கள் பேச்சை அள்ளிக் கட்டுரையாக்கும் தளங்கள் மேல் எரிச்சல். 2023 ஜூலையில் பேசி வைத்துக்கொண்டு, 'க்ளோர்போ வரப்போகிறது, ஆனந்தம்!' என்று பொங்கி எழுதினார்கள். க்ளோர்போ என்று எதுவுமே கிடையாது. பாட் நடத்தும் செய்தித் தளங்கள் இதைக் கட்டுரையாகப் போட வேண்டும் என்றும் அந்தப் பதிவிலேயே எழுதி வைத்தார்கள். ஒரு தளம் அப்படியே போட்டது. அந்த வாக்கியத்தையும் மேற்கோளாகச் சேர்த்துத்தான் போட்டது! எனக்கு இதைவிடப் பிடித்த கேம் செய்தி இன்னும் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு: நிருபர் விசாரித்து எழுதும் செய்தி. புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் ஜேசன் ஷ்ரையர் இதற்குப் பேர்போனவர். பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்கள் பலரிடம் பேசி எழுதுகிறார். நிறுவனத்தின் ஒப்புதல் இதற்கு இருக்காது. எழுதியவரின் பெயரும், அவர் முன்பு எழுதியது பலித்த வரலாறும்தான் பிணை. எழுதியவர் பெயரே இல்லாமல் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று மட்டும் போட்டிருக்கும் கட்டுரைக்கு அந்தப் பிணை கிடையாது.

ஆக, அறிவிப்புக்கு நிறுவனம் பொறுப்பு, கசிவுக்குப் பொருள் சாட்சி, விசாரணைச் செய்திக்கு நிருபர் பிணை. வதந்திக்கு யாருமில்லை.

## ரிவ்யூ எந்த நாளில் வருகிறது?

புதிதாக வருகிறவர்களுக்குச் சற்றும் புரியாத இடம் இது. கேம் டிசம்பர் 10-ஆம் தேதிதான் விற்பனைக்கு வருகிறது. 7-ஆம் தேதி இரவே இருபது தளங்களில் ஒரே நிமிடத்தில் விமரிசனம் வந்துவிடுகிறது. எப்படி?

நிறுவனம் கேமின் பிரதியை விமரிசகர்களுக்கு முன்கூட்டியே இலவசமாகத் தருகிறது. இன்ன நாள், இன்ன நேரம் வரை எதையும் வெளியிட மாட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் காத்திருப்பு ஒப்பந்தத்துக்கு எம்பார்கோ என்று பெயர். 'எம்பார்கோ நீங்கியது' என்றால் எல்லோரும் எழுதலாம் என்று அர்த்தம். காசு கொடுத்து வாயடைப்பது என்று இதைச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எம்பார்கோ இல்லாவிட்டால் முதலில் எழுதுவதற்காக முக்கால் மணி நேரம் விளையாடிவிட்டு விமரிசனம் எழுதுவார்கள். அறுபது மணி நேரக் கதையை முடித்துவிட்டு எழுத அவகாசம் தருவதே இதன் நல்ல பக்கம்.

கெட்ட பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன டிசம்பர் 10, 2020-ஆம் ஆண்டினுடையது. கேம், 'சைபர்பங்க் 2077'. விமரிசகர்களுக்குக் கணினிப் பிரதி மட்டுமே தரப்பட்டது. டிவியில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கான பிரதிகள் தரப்படவில்லை. தாங்கள் விளையாடியபோது எடுத்த காட்சிகளை விமரிசகர்கள் முதலில் காட்டவும் கூடாது. நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும். விமரிசனங்கள் பாராட்டின, மதிப்பெண்கள் ஏறின. விற்பனை நாளில் பழைய பிளேஸ்டேஷனில் போட்டவர்கள் கண்டது, முகம் வராத மனிதர்களையும் பாதியில் அணைந்துபோகும் திரையையும். ஒரே வாரத்தில் சோனி அந்த கேமைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அங்கே விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்.

அந்த விமரிசனங்களில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கணினியில் விளையாடினோம்' என்று பல தளங்கள் எழுதியே இருந்தன. வாசகர்கள் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், அந்த வரியைப் பார்க்கவில்லை. எந்தக் கருவியில் விளையாடினார்கள், பிரதி எங்கிருந்து கிடைத்தது என்ற இரண்டு தகவலும் பெரும்பாலும் விமரிசனத்தின் அடியில் இருக்கும். முதலில் அங்கே போய்விட்டு மேலே வாருங்கள்.

விமரிசனமே வராத கேம் மோசமான கேம் என்றும் முடிவு கட்ட முடியாது. 2019-இல் அறிவிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த 'சில்க்சாங்' என்ற கேம் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. உருவாக்கிய சிறு குழு யாருக்கும் முன்பிரதி தரவில்லை. எல்லோரையும்போல விமரிசகர்களும் அன்றுதான் கையில் எடுத்தார்கள். வாங்க வந்த கூட்டம் தாங்காமல் கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் உள்ளிட்ட கடைகளே சற்று நேரம் திணறின. முழு விமரிசனங்கள் நாள்கள் கழித்து வந்தன. பாராட்டித்தான் வந்தன.

பல தளங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் தளம் திரட்டி. 2001 முதல் இயங்கும் மெட்டாகிரிட்டிக் அவற்றில் பழையது. அங்கே 85 என்று பார்த்தால் அது யாருடைய கருத்தும் ஆகாது, சராசரி. அதுவும் சில தளங்களுக்கு அதிக எடை தந்து போட்ட சராசரி. யாருக்கு எவ்வளவு எடை என்று அவர்கள் சொல்வதில்லை. எண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள குறைந்த மதிப்பெண் விமரிசனம் ஒன்றையும் முழுக்கப் படித்தால், எந்தக் குறை உங்களுக்குப் பொருட்டு, எது பொருட்டில்லை என்று தெரிந்துவிடும்.

## தளத்துக்குச் சோறு போடுவது யார்?

இலவசமாகப் படிக்கிறோம். அப்படியானால் வேறு யாரோ பணம் தருகிறார்கள். பெரும்பகுதி விளம்பரம். அடுத்தது, கட்டுரையில் உள்ள 'இங்கே வாங்கலாம்' லிங்க் வழியாக நாம் பொருள் வாங்கினால் தளத்துக்குக் கிடைக்கும் கமிஷன். ஒழுங்கான தளம் இதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடும்.

இந்த வருமானக் கணக்கு ஒரு விசித்திரமான கட்டுரை வகையைப் பெற்றெடுத்திருக்கிறது: 'வெளியீட்டுத் தேதி, விலை, கதை: இதுவரை தெரிந்தவை.' எட்டுப் பத்தி ஓடும். எட்டாவது பத்தியின் கடைசியில், தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று இருக்கும். தேடுபொறியில் ஆயிரக்கணக்கானோர் தேதியைத் தேடுகிறார்கள். வருகிறவர்களைப் பிடிக்க வலை போட்டு வைத்திருக்கிறார்கள். தலைப்பு கேள்விக்குறியில் முடிந்தால் பதில் பெரும்பாலும் 'தெரியாது'.

பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாவை 'கேமிங்' என்ற பெயரில் நுழைக்கும் பக்கங்களும் இருந்தன. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்கிறது. இன்னும் அதற்கு லிங்க் தரும் தளம் மற்ற விஷயங்களில் யோக்கியமாக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

## எந்தத் தளங்களை வைத்துக்கொள்வது?

நிறைய வேண்டாம். ஐ.ஜி.என்., கேம்ஸ்பாட் இரண்டும் 1996-இல் தொடங்கியவை. அன்றாடச் செய்தி பரவலாகக் கிடைக்கும். 1999-இல் தொடங்கிய யூரோகேமர் பிரிட்டனைச் சேர்ந்தது. விமரிசனம் நிதானமாக இருக்கும். இவற்றில் ஒன்று, நீங்கள் விளையாடும் கேமின் சொந்தப் பக்கம் ஒன்று, ரசனை ஒத்துப்போகும் தமிழ் யூடியூபர் ஒருவர். தொடங்குவதற்கு இது தாராளம். எந்தத் தளமும் சாசுவதமல்ல. 1991 முதல் வந்த கேம் இன்ஃபார்மர் பத்திரிகையை 2024 ஆகஸ்டில் உரிமையாளர்கள் ஒரே நாளில் மூடி, அதன் இணையப் பக்கங்களையும் எடுத்துவிட்டார்கள். 2025-இல் வேறொரு நிறுவனம் வாங்கி மீண்டும் தொடங்கியது.

தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை. ஆர்.எஸ்.எஸ். என்று ஓர் ஏற்பாடு 1999 முதல் இருக்கிறது. தளம் தன் புதிய கட்டுரைகளின் தலைப்பு, நேரம், லிங்க் போன்றவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். ஃபீட்லி போன்ற ஒரு செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக வந்ததை உங்களிடம் காட்டும். எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்ய நடுவில் யாரும் கிடையாது. நீங்கள் கேட்ட தளங்கள், வந்த வரிசையில். மழைக்காலத்தில் சிக்னல் இழுக்கும் மலையோரக் கிராமங்களிலும் தலைப்புகள் வந்துவிடும், படங்கள்தான் வராது.

## நம் ஊர் நேரம், நம் ஊர் விலை

அறிவிப்பு நிகழ்ச்சிகளின் நேரத்தைப் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரத்தில் போடுவார்கள். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. காலை 9 மணி என்றால் ஜூனில் நமக்கு இரவு 9.30, டிசம்பரில் இரவு 10.30. ஜப்பான் நேரம் என்றால் மூன்றரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள்.

விலை இன்னும் சிக்கல். செய்தியில் டாலரில் போட்டிருப்பதை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்டீம் இந்தியாவுக்கு ரூபாயில் தனி விலை வைத்திருக்கிறது, பல கேம்களுக்கு அது டாலர் கணக்கைவிடக் குறைவு. வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அமெரிக்கத் தளம் 'பாதி விலை' என்று எழுதும் தள்ளுபடி இந்தியக் கடையில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

குமரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளுக்கு பிளேஸ்டேஷன் வருவது கடையிலிருந்து இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ வரும் மாமாவின் பெட்டியிலிருந்து. அவர் அங்கேயே பிளேஸ்டேஷன் கணக்கும் திறந்து கொடுத்துவிடுவார். அந்தக் கணக்கு அந்த நாட்டுக் கடையைத்தான் காட்டும். இந்திய விலையும் இந்தியத் தள்ளுபடியும் அதில் வராது. நாட்டைப் பின்னால் மாற்ற பிளேஸ்டேஷன் அனுமதிப்பதும் இல்லை. டிஸ்க்கில் வாங்கிய கேமுக்கான கூடுதல் பகுதிகளையும் பெரும்பாலும் அந்த டிஸ்க் எந்த வட்டாரத்துடையதோ அந்த வட்டாரக் கணக்கில்தான் வாங்க வேண்டியிருக்கும். மாமா விமானம் ஏறும் முன்பே போன் செய்து, "கருவியை மட்டும் கொண்டு வாருங்கள் மாமா, கணக்கை இங்கே வந்து திறந்துகொள்ளலாம்" என்று சொல்லிவிடுங்கள்.